மின்சாரக் காரின் முன்கண்ணாடியில் விரிசல் விழுந்தால்...

முன்னே சென்ற டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லித் துண்டு தெறித்தது. 'டக்' என்று ஓர் ஓசை. காரின் முன்கண்ணாடியில் மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று. வண்டியை ஓட்டியவர் எங்கள் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் நண்பர். வாங்கி ஓராண்டுகூட ஆகாத மின்சாரக் கார் அது. "புள்ளிதானே, அடுத்த சர்வீசில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டார்.

பத்து நாள் சென்றது. சித்திரை வெயிலில் நண்பகல் வரை திறந்த வெளியில் நின்றிருந்த காரைக் கழுவ எண்ணி, தொட்டித் தண்ணீரை வாளியோடு கண்ணாடி மேல் வீசினார். அவர் கண்ணெதிரிலேயே அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, வளைந்து வளைந்து ஒரு முழ நீளத்துக்கு ஓடி நின்றது.

பட்டறையில் முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டில் கண்ணாடி விலை, ஒட்டுக்கூலி ஆகியவற்றுக்குக் கீழே "காமிரா கேலிபரேஷன்" என்று இன்னொரு வரியும், அதற்கு ஒரு கணிசமான தொகையும் இருந்தன. வேறொரு கடையில் அந்த வரியே இல்லை. "ஒரு மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் சார்" என்றும் சொன்னார்களாம். சீட்டை என்னிடம் நீட்டிய நண்பர் கேட்டார்: "கண்ணாடி மாற்றுவதற்கும் காமிராவுக்கும் என்ன சார் சம்பந்தம்? ஏமாற்றுகிறார்களா?"

அவருக்கு நான் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

சிறு கல்லின் பெரிய அடி

ஐந்து கிராம் எடையுள்ள ஒரு ஜல்லித் துண்டை எடுத்துக்கொள்வோம். காருக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சார்பு வேகம் மணிக்கு 100 கி.மீ. என்று கொண்டால், அது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். இயக்க ஆற்றல் இரண்டு ஜூல் அளவுக்கும் சற்றுக் குறைவு. 200 கிராம் எடைக்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் இதே ஆற்றல்தான் கிடைக்கும். 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் கல்லின் ஒரு கூரிய முனையில், ஒரு சதுர மி.மீ.க்கும் குறைவான பரப்பில் இறங்குகிறது. மேலும், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எதிரே வரும் லாரியின் சக்கரம் வீசிய கல்லாக இருந்து சார்பு வேகம் 140 கி.மீ. ஆகிவிட்டால், அடியின் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.

கடினமான ஒரு பொருள் கண்ணாடியைச் சிறு பரப்பில் அழுத்தும்போது, தொட்ட இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு விரிசல் தோன்றி, உள்ளே போகப் போகக் கூம்புபோல் விரிவதை 1880களிலேயே ஹென்ரிக் ஹெர்ட்ஸ் ஆராய்ந்தார். மின்காந்த அலைகளைக் கண்டறிந்த அதே ஹெர்ட்ஸ்தான். முன்கண்ணாடியில் நாம் காணும் வட்டப் புள்ளி அந்தக் கூம்பின் மேல்தோற்றமே. அதிலிருந்து கால்கள் முளைத்திருந்தால் நட்சத்திர வடிவமாகத் தெரியும். இந்தக் கால்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

விரிசல் ஓடுவது ஏன்?

கண்ணாடி ஏன் அவ்வளவு எளிதில் உடைகிறது என்ற கேள்விக்குச் சரியான விடை சொன்னவர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஏ. ஏ. கிரிஃபித். 1921இல் வெளியான அவருடைய கட்டுரை, இன்றைக்கும் பொறியியல் மாணவர்கள் படிக்கும் முறிவியலுக்கு அடித்தளமாக அமைந்தது. அவர் கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்து, ஒவ்வோர் இழையும் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அளந்தார். இழை மெல்லியதாக ஆக ஆக, ஒரு சதுர அலகுப் பரப்பு தாங்கும் வலிமை கூடிக்கொண்டே போயிற்று. மிக மெல்லிய இழையின் வலிமை, தடித்த கண்ணாடிக் கோலின் வலிமையைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு!

பொருள் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேற்றுமை? தடித்த கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் இருக்கின்றன. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. கண்ணாடியை வளைக்கும்போதோ இழுக்கும்போதோ ஏற்படும் தகைவு, கீறலின் கூர்முனையில் குவிகிறது. தையற்காரர் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிது வெட்டிவிட்டுப் பிறகு கையால் கிழிக்கிறார் அல்லவா? வெட்டாத துணி அவ்வளவு எளிதில் கிழியாது. இரும்பிலும் செம்பிலும் இந்தக் கூர்முனை சற்று நெளிந்து மழுங்கிப்போகும். கண்ணாடியில் நெளிவு என்பதே இல்லை. ஆகவே கூர்மை குறையாமலே விரிசல் முன்னேறுகிறது.

கிரிஃபித் தந்த விதியின்படி, விரிசலின் நீளம் நான்கு மடங்கானால் அதை ஓடவைக்கப் பாதித் தகைவே போதும். அதாவது, விரிசல் நீள நீள அதை மேலும் நீட்டுவது எளிதாகிறது. நாலு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருப்பவருக்கு எதிராக வேலை செய்யும் விதி இது.

இனி, வாளித் தண்ணீருக்கு வருவோம். கண்ணாடியின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 9 மைக்ரோமீட்டர் நீளுகிறது அல்லது சுருங்குகிறது. வெயிலில் 65 டிகிரி சூடேறிய கண்ணாடியின் வெளிப்பரப்பு 28 டிகிரித் தண்ணீரால் திடீரெனக் குளிர்கிறது. வெளிப்பரப்பு சுருங்க முயல்கிறது. உள்ளே இருக்கும் சூடான பகுதி விட மறுக்கிறது. விளைவாக வெளிப்பரப்பில் இழுவிசைத் தகைவு உண்டாகிறது. கண்ணாடியின் யங் குணகம் 70 ஜிகாபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் டிகிரிக்கு 0.63 மெகாபாஸ்கல். 37 டிகிரி வேறுபாடும் ஒரே கணத்தில் நேர்ந்ததாகக் கொண்டால் 23 மெகாபாஸ்கல். பழைய கணக்கில் சதுர செ.மீ.க்கு 230 கிலோகிராமுக்கும் மேல். பழுதில்லாத கண்ணாடி இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் கால் மி.மீ. ஆழத்துக்குச் சற்று மிகுந்த ஒரு விரிசல் இருந்தால் போதும், அது ஓடத் தொடங்கிவிடும். நண்பரின் ஜல்லிக்கல் அதைவிட ஆழமாகவே குழிபறித்திருந்தது.

தண்ணீருக்கு இன்னொரு குற்றமும் உண்டு. 1967இல் அமெரிக்காவின் தேசிய அளவைகள் நிறுவனத்தில் வீடர்ஹார்ன் என்பவர் கண்ணாடி விரிசல்கள் வளரும் வேகத்தைக் காற்றின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றி அளந்தார். ஈரம் கூடினால் வேகமும் கூடியது. விரிசலின் முனையில் இழுபட்டு நிற்கும் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பை நீர் மூலக்கூறு புகுந்து அறுத்துவிடுகிறது. தகைவு குறைவாக இருக்கும்போதும், யாரும் தொடாமலே, விரிசல் ஓசையின்றி நகர்வதற்கு இதுவே காரணம். கல் பட்ட அன்றே புள்ளியின் மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டிவைத்தால் ஈரமும் தூசியும் உள்ளே போகாமல் தடுக்கலாம். ஒரு ரூபாய்கூடப் பெறாத வேலை.

இரண்டு கண்ணாடிகளும் நடுவே ஒரு ஏடும்

முழ நீளத்துக்கு விரிசல் ஓடியும் நண்பரின் கண்ணாடி உதிர்ந்து விழவில்லை. பழைய அம்பாசடர் கார்களில் பயணம் செய்தவர்களுக்கு வேறு வகை நினைவு இருக்கும். அக்காலக் கார்கள் பலவற்றில் முன்கண்ணாடி உடைந்தால் ஒரு நொடியில் முழுவதும் கற்கண்டுத் துண்டுகளாகி மடியில் கொட்டும். அது 'டஃபண்டு' எனப்படும் வன்மையூட்டிய கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றைப் பீச்சித் தயாரிப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பின்னால் சுருங்கும். அதனால் மேற்பரப்பு நிரந்தர அழுக்கத்திலும் உட்பகுதி நிரந்தர இழுவிசையிலும் இருக்கும். அழுக்கத்தில் உள்ள மேற்பரப்பில் விரிசல் எளிதில் பரவாது; ஆனால் ஒரு முறை உட்பகுதியைத் தொட்டுவிட்டால் சேமித்த ஆற்றல் முழுவதும் வெடித்துச் சிதறும். பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடி இன்றைக்கும் இந்த வகையே.

இன்றைய முன்கண்ணாடி அப்படிப்பட்டதன்று. ஒவ்வொன்றும் சுமார் 2 மி.மீ. தடிப்புள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, பாலிவினைல் பூட்டைரல் என்னும் நெகிழ்வான பிளாஸ்டிக் ஏடு ஒன்று 0.76 மி.மீ. தடிப்பில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்திலும் பன்னிரண்டு வளிமண்டல அழுத்தத்திலும் வைத்து ஒட்டுகிறார்கள். கல் பட்டால் வெளித்தகடு மட்டும் விரிசல் காண்கிறது. ஏடு விரிசலை உள்தகட்டுக்குப் போகவிடுவதில்லை. உடைந்த துண்டுகளும் ஏட்டோடு ஒட்டிக்கொண்டே நிற்கின்றன.

இந்த யோசனை பிறந்த கதை சுவையானது. 1903இல் எட்வார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தவறிக் கீழே போட்டாராம். குடுவை உடைந்தது, ஆனால் சிதறவில்லை. முன்பு அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து, உட்சுவரில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. கார் விபத்துகளில் கண்ணாடித் துண்டுகளால் காயமடைவோரைப் பற்றிய செய்திகளைப் படித்தபோது அந்தக் குடுவை அவர் நினைவுக்கு வந்தது என்பார்கள். 1909இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளின் கண்வில்லைகளுக்கு அது பயன்பட்டது. வெயிலில் மஞ்சளித்துப்போன அந்தப் பழைய படலத்துக்குப் பதிலாகப் பூட்டைரல் ஏடு 1930களில் வந்தது.

அடைத்தால் போதுமா?

புள்ளியாக இருந்தபோதே நண்பர் போயிருந்தால், கண்ணாடியை மாற்றாமலே வேலை முடிந்திருக்கும். பழுதுபார்ப்பவர் புள்ளியின் மேல் ஒரு சிறு குழலைப் பொருத்தி, விரிசலுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே வழியாகத் திரவ ரெசினை அழுத்திச் செலுத்துவார். பிறகு புறஊதா விளக்கைச் சில நிமிடம் காட்ட, ரெசின் பலபடியாகி இறுகிவிடும். விரிசலின் கூர்முனை நிரப்பப்படுவதால் தகைவு குவிவது குறையும்.

புள்ளி கண்ணுக்கு மறைவது எப்படி என்பது இயற்பியல் மாணவர்களுக்கு நல்ல பாடம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, காற்றுக்கு 1. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் 4 சதவீதத்துக்கு மேல் எதிரொளிக்கிறது. விரிசலுக்கு இரண்டு பரப்புகள். அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. ரெசினின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. காற்றுக்குப் பதில் அது நிரம்பியதும் எதிரொளிப்பு ஆயிரம் மடங்கு குறைந்துபோகிறது. கல்லூரி ஆய்வகத்தில் பைரெக்ஸ் கண்ணாடிக் கோலைக் கிளிசரினில் அமிழ்த்தினால் அது 'காணாமற் போகும்' வேடிக்கையும் இதுவே.

ஆனால் இந்த வைத்தியத்துக்கு எல்லை உண்டு. ஒரு நாணய அளவுக்குள் உள்ள பழுதுக்குத்தான் இது ஏற்றது. நீண்டு ஓடிய விரிசல், விளிம்பைத் தொட்ட விரிசல், உள்தகடுவரை போன பழுது ஆகியவற்றுக்கு இது உதவாது. ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் அடைத்தால் சிறு மங்கல் எஞ்சி, இரவில் எதிர்வண்டியின் விளக்கொளியைச் சிதறடிக்கும். காமிராவின் முன்னே அமைந்த பழுதையும் அடைத்துச் சமாளிக்கக் கூடாது.

மின்சாரக் காருக்கு மட்டும் என்ன தனி?

பெட்ரோல் காரின் முன்கண்ணாடியும் இதே முறையில்தான் செய்யப்படுகிறது. ஆயினும் மின்சாரக் காரில் கண்ணாடிக்கு இரண்டு கூடுதல் பொறுப்புகள் உண்டு.

முதலாவது, ஓசை. என்ஜின் உறுமல் இல்லாத காரில் காற்றின் இரைச்சல் காதில் விழுகிறது. முன்பு என்ஜின் அதை மூடி மறைத்திருந்தது. 4, 5 மி.மீ. தடிப்புள்ள ஒற்றைக் கண்ணாடித் தகடு 2500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத் தடையின்றி விட்டுவிடும். அந்த அதிர்வெண்ணில் ஒலியலையும் தகட்டில் ஓடும் வளைவு அலையும் ஒத்துப்போவதே காரணம். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறக்குறைய அதே பகுதியில்தான்! ஆகவே பல மின்சாரக் கார்களில் நடு ஏட்டையே மூன்று அடுக்காக்கி, மையத்தில் மிக மென்மையான பிளாஸ்டிக்கை வைத்து அதிர்வைத் தணிக்கிறார்கள்.

இரண்டாவது, வெப்பம். சாய்ந்த முன்கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர் மேல் உச்சிவெயிலில் 800 வாட்டுக்கும் மிகுந்த சூரிய ஆற்றல் விழுகிறது. அதில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நூறு கி.மீ.க்கு 12 கிலோவாட் மணி செலவிடும் கார் ஒன்று நகரத்தில் சராசரி 25 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், ஓட்டத்துக்கு ஆகும் சராசரித் திறன் 3 கிலோவாட்தான். குளிர்சாதனம் ஒரு கிலோவாட் இழுத்தால் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் செலவு; பாட்டரியில் நேரே கைவைக்கும் செலவு. இதைக் குறைக்கச் சில கார்களின் கண்ணாடிக்குள்ளே பத்து நானோமீட்டர் அளவில் வெள்ளிப் படலங்களைப் பூசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி நுழையும், அகச்சிவப்பு திரும்பிப்போகும். முன்கண்ணாடி வழியே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 70 சதவீதமாவது நுழைய வேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. கறுப்பு ஒட்டுத்தாளை ஒட்டித் தப்பிக்கும் வழியையும் உச்ச நீதிமன்றம் 2012இல் அடைத்துவிட்டது. ஒளியை விட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கும் படலத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இப்போது புரியும்.

உலோகப் படலம் ரேடியோ அலையையும் தடுக்கும் என்பதை மறக்கலாகாது. சுங்கச்சாவடியில் நாம் பயன்படுத்தும் ஃபாஸ்டாக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுவது. அலைநீளம் 35 செ.மீ. அளவு. படலம் பூசிய இடத்தில் ஒட்டினால் சாவடிக் கருவிக்கு அது கேட்காது. அதற்கென்றே இத்தகைய கண்ணாடிகளில் பின்காட்டி அருகில் பூச்சில்லாத ஒரு சிறு சன்னல் விட்டிருப்பார்கள். பழைய ஃபாஸ்டாக்கைப் பிய்த்தெடுத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டலாம் என்று எண்ணவும் வேண்டாம். பிய்த்தால் பழுதாகும்படியே அது செய்யப்பட்டுள்ளது.

ஆக, ஒரே காரின் சட்டத்தில் பொருந்தும் இரண்டு கண்ணாடிகள் ஒன்றல்ல. விலை குறைந்த ஒன்று அளவில் அச்சாகப் பொருந்தும். ஆனால் ஓசையைத் தணிக்கும் ஏடும் இருக்காது, வெள்ளிப் படலமும் இருக்காது. கீழ் மூலையில் பொறித்திருக்கும் குறிப்புகளைப் பழைய கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழையதை அறுக்கச் சொல்ல வேண்டும். 2015இல் வெளிவந்த டெஸ்லா 'மாடல் எக்ஸ்' போன்ற காரில் முன்கண்ணாடி ஓட்டுநரின் தலைக்கு மேலும் நீண்டு கூரையில் பாதியாகிவிடுகிறது. அதை மாற்றும் செலவை நினைத்தாலே வேர்க்கும்!

அறுப்பதும் ஒட்டுவதும்

அம்பாசடர் காலத்தில் கண்ணாடியை ரப்பர் பட்டைதான் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று கண்ணாடி காரின் உடலோடு பாலியூரிதேன் பசையால் ஒட்டப்படுகிறது. காரின் உடல் உறுதியில் அதற்கும் பங்கு உண்டு. கார் உருண்டால் கூரை நசுங்காமல் காப்பதில் முன்கண்ணாடி துணைநிற்கிறது. முன்இருக்கைப் பயணியின் காற்றுப்பை, ஒரு நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் ஊதி எழும்போது, பல கார்களில் முன்கண்ணாடியில் முட்டித்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. பசை இறுகாத கண்ணாடியாக இருந்தால் பையோடு கண்ணாடியும் வெளியே போய்விடும். மின்சாரக் காரின் தரையில் பாட்டரி இருப்பதால் வண்டி கனமானது. கனம் கூடினால் கூரை தாங்க வேண்டிய சுமையும் கூடும். அமெரிக்காவில் 2009இல் திருத்திய விதி, பெரும்பாலான கார்களின் கூரை அந்தந்தக் காரின் எடையைப்போல் மூன்று மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்கிறது.

வேலை தொடங்கும் முன் காரை முழுவதும் அணைக்க வேண்டும். என்ஜின் ஓசை இல்லாததால், மின்சாரக் கார் அணைந்திருக்கிறதா, புறப்படத் தயாராக நிற்கிறதா என்று காதால் அறிய முடியாது. உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆரஞ்சு நிற உறைக்குள் இருப்பவை. கண்ணாடி வேலையில் அவற்றைத் தொட வேண்டிய தேவையே வராது. வைப்பர் கைகளையும், கண்ணாடியின் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியையும், காமிராவையும், மழை உணர் கருவியையும் முதலில் கழற்றுவார்கள்.

பிறகு மெல்லிய எஃகுக் கம்பியைப் பசைக்குள் நுழைத்து, சோப்பு அறுப்பதுபோல் சுற்றிலும் அறுப்பார்கள். பழைய பசை முழுவதையும் உலோகம் தெரியச் சுரண்டுவது சுத்தமான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒன்றிரண்டு மி.மீ. பழைய பசையைச் சீராக விட்டுவைப்பதே நல்லது. புதிதாக அறுத்த பழைய பசை மேல் புதுப்பசை மிக நன்றாகப் பிடிக்கும். பெயிண்டில் கீறல் விழுந்திருந்தால் அங்கே பிரைமர் பூசாமல் விடக் கூடாது. விட்டால் துரு உள்ளே ஊர்ந்து, சில ஆண்டுகளில் பசையையே தூக்கிவிடும்.

கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டையும், அதையடுத்துச் சிறுத்துக்கொண்டே போகும் கறுப்புப் புள்ளிகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் அன்று. கண்ணாடி மேல் சுட்டுப் பதித்த பீங்கான் பூச்சு அது. சூரியனின் புறஊதாக் கதிர் பசையை அரிக்காமல் பட்டை தடுக்கிறது. கறுப்புப் பகுதி வெயிலில் அதிகம் சூடேறுமாதலால், சூடும் குளிர்ச்சியும் ஒரே கோட்டில் சந்திக்காமல் படிப்படியாக மாறும்படி புள்ளிகள் செய்கின்றன.

இனி, "ஒரு மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு போகலாம்" என்ற பேச்சுக்கு வருவோம். இந்தப் பசை உலர்ந்து இறுகுவதன்று. காற்றிலுள்ள நீராவியோடு வேதிவினை புரிந்து இறுகுவது. வெளிப்புறம் முதலில் இறுகும். நீராவி அந்த இறுகிய தோலை ஊடுருவித்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே இறுகிய ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம். பொதுவாக ஒரு நாளில் 3, 4 மி.மீ. இறுகும். விரைவில் வலுப்பெறும் சிறப்புப் பசைகளில் ஒரு மணி நேரத்திலேயே பாதுகாப்பாக ஓட்டக்கூடியவையும் உண்டு. பல மணி நேரம் தேவைப்படுபவையும் உண்டு. பசைக் குழாயின் மேல் வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்ப நேரம் குறித்திருக்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அந்தக் குழாயைத்தான்; அவருடைய வாக்குறுதியை அன்று. சென்னையின் புழுக்கம் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுகூலம் என்று சொல்லலாம்!

முதல் நாள் ஒரு பக்கக் கண்ணாடியைச் சிறிது இறக்கிவைக்க வேண்டும். எல்லாம் மூடிய காரில் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே காற்றழுத்தம் ஒரு கணம் எகிறி, இறுகாத கண்ணாடியை வெளியே தள்ளும்.

காமிராவின் கண்

நண்பரின் கேள்விக்கு வந்துவிட்டோம். இன்றைய கார்கள் பலவற்றில் பின்காட்டிக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டிய ஒரு தாங்கியில் காமிரா இருக்கிறது. சாலைக் கோடுகளையும் முன்வண்டியையும் பார்த்து, தேவையானால் தானே பிரேக் போடவும் சொல்வது அதுவே. டெஸ்லாவின் 'மாடல் 3' காரில் ஒரு காலத்தில் இப்படி மூன்று காமிராக்களை வைத்தார்கள். அவற்றில் குறுகிய பார்வையுள்ளது 250 மீட்டர்வரை காணும் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

காமிரா ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பிவிட்டால் என்ன ஆகும்? நூறு மீட்டர் தொலைவில் பிழை 1.75 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். ஆக, பாதித் தடம்! பக்கத்துத் தடத்தின் ஓரமாகச் செல்லும் லாரியை 'என் எதிரே நிற்கிறது' என்று கார் எண்ணலாம். உண்மையிலேயே எதிரே நிற்பதைப் 'பக்கத்தில்தானே' என்று விட்டுவிடவும் கூடும். ஒரு டிகிரி மாறப் பெரிய தவறு எதுவும் நேர வேண்டியதில்லை. 50 மி.மீ. நீளத் தாங்கியின் ஒரு முனை அரை மி.மீ. விலகி ஒட்டப்பட்டாலே அரை டிகிரிக்கு மேல் ஆகிவிடும்.

கண்ணாடியும் தன் பங்குக்கு ஒளியை விலக்குகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இரு பரப்புகளும் இணையாக உள்ள சாய்ந்த தகடு, கதிரைத் திருப்புவதில்லை. பக்கத்தில் சிறிது தள்ளிவைக்கிறது, அவ்வளவே. 5 மி.மீ. தடிப்பும் 60 டிகிரி படுகோணமும் கொண்டு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளிவிலகல் எண்ணை 1.5 என்று கொண்டால் 2.6 மி.மீ. வரும். பொருள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பிழை அந்த 2.6 மி.மீ.தான். பாதகமில்லை. ஆனால் தகட்டின் இரு பரப்புகளும் இணையாக இல்லாமல் ஆப்புபோல் சிறிது சரிந்திருந்தால் கதிர் ஒரு கோணத்தால் திரும்பிவிடும். பிழை தொலைவோடு வளரும். நேராக விழும் கதிர் ஆப்பின் கோணத்தில் பாதியளவே திரும்பும்; 60 டிகிரியில் விழும் கதிரோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திரும்பும். காற்றைக் கிழித்துச் செல்லவென்று இன்றைய கார்களின் கண்ணாடியைப் படுக்கவைக்கிறார்கள் அல்லவா? அதனால் கண்ணாடியின் சிறு குறை மூன்று மடங்காகப் பெருகித் தெரிகிறது.

கண்ணாடிக்குக் கண்ணாடி இந்த வேற்றுமைகள் இருக்கும். ஆகவே புதுக் கண்ணாடியின் வழியே எது நேர், எது இடம், எது வலம் என்று காமிராவுக்குத் திரும்பக் கற்பிக்க வேண்டும். கேலிபரேஷன் என்பது இதுதான். சில கார்களைச் சமதளத் தரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, அளந்து வைத்த தொலைவில் கட்டம் போட்ட பலகையைக் காட்டுகிறார்கள். வேறு சில, தெளிவான கோடுகள் உள்ள சாலையில் ஓட்டினால் தாமே கற்றுக்கொள்கின்றன. கோடு அழிந்துபோன நம் சாலைகளில் இந்த இரண்டாவது முறைக்குப் பொறுமை வேண்டும். எந்தக் காருக்கு எந்த முறை என்பதைத் தயாரிப்பாளரே வகுத்திருப்பார். காமிராவே இல்லாத காருக்கு இந்தச் செலவு கிடையாது. அதற்கும் சீட்டில் தொகை போட்டிருந்தால் தாராளமாகச் சண்டை போடலாம்.

நண்பரின் காரில் காமிரா இருந்தது. முதல் பட்டறையிலேயே வேலையைக் கொடுத்தார். மறுநாள் மாலை, அளந்து வைத்த பலகையை அவர்கள் காட்டும்போது நானும் உடனிருந்து பார்த்தேன். பழைய ஃபாஸ்டாக்கைப் பற்றி மட்டும் இருவரும் மறந்துபோனோம். அடுத்த சுங்கச்சாவடியில் அதற்குரிய தண்டனையும் கிடைத்தது.

கழற்றிய கண்ணாடியின் ஒரு மூலைத் துண்டை, ஓரத்தைத் துணியால் சுற்றி, எங்கள் ஆய்வகத்துக்குக் கேட்டு வாங்கிவந்தேன். குறுக்காக வைத்த இரு தளவிளைவுத் தகடுகளுக்கு நடுவே அதை வைத்தால், நடுப்பகுதி ஏறக்குறைய இருளாகவே இருக்கிறது. அதே இடத்தில் ஒரு பக்கக் கண்ணாடியை வைத்தால் திட்டுத் திட்டாக ஒளிப்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அதைத் தயாரித்தபோது குளிர்காற்றைப் பீச்சிய துளைகளின் சுவடு அவை. தளவிளைவுக் கறுப்புக் கண்ணாடி அணிபவர்கள் இளங்காலையில், சூரியனுக்குச் செங்குத்தான திசையில் நிற்கும் காரின் பின்கண்ணாடியை உற்றுப் பார்த்தால், ஆய்வகம் இல்லாமலே இந்தப் புள்ளிகளைக் காணலாம்.